எழுத்து தெரிஞ்சா வீட்டுல இரு

— கையைக் கழுவிட்டியா?

— கழுவிட்டேன்ப்பா.

— எங்க, இப்படி நீட்டு. மோந்து பாக்கறேன்.

— கழுவின கையை உங்க மூக்குகிட்ட கொண்டு வந்தா மறுபடியும் கழுவணும். நர்ஸ் சொன்னது மறந்துபோச்சா?

— தொடாமத்தான் பாக்கறேன். கண்ணுதான் போச்சு, மூக்குமா போச்சு? ம். சோப்பு வாசனை இருக்கு. ரைட். வண்டி போகலாம்.

— கதவு சாத்தியாச்சு. ஜன்னல் சாத்தியாச்சு. ஃபேன்...

— ஃபேனை நீ நிறுத்தவே வேண்டாம். கரண்ட்டே நிறுத்திடுச்சு. எனக்குத்தான் முதுகுல ஆறு ஓடுதே.

— என் வாய்க்கு மாஸ்க் முன்னாடியே கட்டியாச்சு. உங்க வாய்?

— என் வாயைக் கட்ட இன்னும் ஒரு ஆள் பொறக்கலன்னு உங்கம்மா சொல்லுவா. இந்தா, கட்டியாச்சு. மேலே இருந்து பாத்து சந்தோஷப்படட்டும்.

— இருங்க, ஒரு தடவை முதல்ல இருந்து சொல்லிக்கறேன். கதவு, ஜன்னல், ஃபேன், வாய், கை. வாய்க்கு அப்புறம்தானே கை?

— ஆமா. தினமும் நாலு தடவை செய்யறே, நாலு தடவையும் கேக்கறே.

— சந்தேகம் வந்துடுதுப்பா.

— வரட்டும். சந்தேகப்படறவ கைதான் சுத்தமா இருக்கும். நர்ஸே என்கிட்ட சொல்லிச்சே, பயிற்சிக்கு வந்தவங்கள்லயே உங்க பொண்ணுதான் அதிகமா கேள்வி கேட்டான்னு.

— அது பாராட்டு இல்லப்பா. சலிப்பு.

— எதுவா இருந்தா என்ன? அன்னைக்கு நம்ம கூட இருந்தவங்கள்ல எத்தனை பேரு மறுபடியும் சீழ் பிடிச்சு வந்தாங்க. நமக்கு இன்னும் ஒரு தடவை கூட வரல. புதுப் பை சூடா இருக்கா?

— தகரத்து மேல வெயில்ல வச்சிருந்ததை எடுத்தேன். உள்ளங்கைச் சூடு இருக்கு. ஜன்னல் கம்பியில மாட்டிட்டேன். காலியா இருக்கற பை கீழ, உங்க கால்கிட்ட. இப்ப மூடியைக் கழட்டறேன். பேசாதீங்க. மூச்சு கூட அந்தப் பக்கம் விடுங்க.

— ...

— மாட்டியாச்சு. இப்ப பேசலாம். பழைய தண்ணி இறங்குது.

— அப்பாடா. வயித்துல குளத்தை வச்சுகிட்டு வாயையும் மூடிகிட்டு இருன்னா எப்படி இருப்பேன்? நீ உக்காரு. இறங்கி முடியறதுக்குள்ள ரெண்டு பக்கம் படிக்கலாம். இன்னைக்குச் சாயங்காலப் பரீட்சை.

— தெரியும்ப்பா. நீங்க ஞாபகப்படுத்தினா வயித்தைக் கலக்குது.

— கலக்க வேண்டியது என் வயிறு. உனக்கு எதுக்கு?

— உங்க வயிறு எப்படி இருக்கு?

— வச்ச இடத்துலதான் இருக்கு.

— கேலி வேண்டாம். வலி?

— வலின்னு சொல்ல முடியாது. மத்தியானத்துல இருந்து லேசா ஒரு பிடிப்பு. வாயுவா இருக்கும்.

— வந்ததுமே ஏன் சொல்லல?

— நீயே கம்பெனியில நாள் பூரா பட்டன் தச்சுட்டு, ஓடி வந்து, செருப்பு கூட கழட்டாம பையைத் தூக்கினே. அந்த நேரத்துல வாயுவுக்கு ஒரு அறிவிப்பு குடுக்கணுமா?

— அப்பா.

— தண்ணி இறங்கட்டும்மா. பையைப் பாரு. பைக்குப் பின்னாடி எழுத்து தெரிஞ்சா வாயு. தெரியலன்னா அப்ப பயந்துக்கலாம்.

— நர்ஸ் சொன்னதை அப்படியே சொல்லுங்க.

— எழுத்து தெரிஞ்சா வீட்டுல இரு. தெரியலன்னா பையோட வா. நாளைக்கு வரேன்னு சொல்லாதே, அன்னைக்கே வா. இதை நான் தூக்கத்துலயும் ஒப்பிப்பேன்.

— ஏன் அன்னைக்கே?

— நீயா பரீட்சை எழுதறே, நானா? தண்ணி கலங்கினா உள்ள கிருமின்னு அர்த்தம். அன்னைக்கே மருந்து போட்டா அடங்கும். விட்டா வயித்துல இருக்கற குழாயை எடுத்துடுவாங்க. குழாய் போனா பை போச்சு. பை போனா, கிட்னி வேலை செய்யாத எனக்குப் பெரிய ஆஸ்பத்திரி டயாலிசிஸ் மிஷின்தான் கதி.

— அந்த மிஷினுக்கு...

— அந்த வரிசையில நான் நிக்காததா? காலம் பூரா கண்டக்டரா பஸ் படியில தொங்கிகிட்டு ‘ஏறு ஏறு, உள்ள இடம் இருக்கு’ன்னு கத்தினவன் நான். அங்க போனா, இடமில்ல அடுத்த வண்டியில வான்னு என்னைச் சொல்றான். எங்க டிப்போ மெக்கானிக் அந்த அடுத்த வண்டிக்காக நின்னு நின்னே போய்ச் சேந்தான். இப்ப அந்தப் பேச்சு எதுக்கு? நமக்குப் பை இருக்கு. வீடு நிறைய பைப் பெட்டி இருக்கு. அதுலதானே நீ உக்காந்திருக்கே.

— உக்காந்திருக்கறதும் பெட்டி, எழுதறதும் பெட்டி. போன மாசம் பெட்டி வர ரெண்டு நாள் தாமதமாச்சு, அப்ப எழுத மேஜையே இல்ல.

— எனக்கு அந்த ரெண்டு நாள் மூச்சே இல்ல. உனக்கு மேஜைக் கவலை. ரைட், எத்தனை மணிக்குக் கேட்டைச் சாத்துவான்?

— இன்னும் நேரம் இருக்கு. நடந்தே போயிடலாம். ஆனா கொஞ்சம் சீக்கிரமே போயிடணும். எந்த ரூம், எந்த பெஞ்சுன்னு பாத்து, ஒரு தடவை உக்காந்து பாத்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்.

— பெஞ்சு எங்கயும் ஓடிடாது.

— போன வருஷம் என் நம்பர் ஒட்டின பெஞ்சு காலியாவே இருந்துச்சாம். கூடப் படிக்கறவ சொன்னா.

— போன வருஷம் உன்னை ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்கார வச்சேன். தெரியும்.

— நான் அதைச் சொல்லலப்பா.

— நீ சொல்லல. நான் சொல்றேன். சரியா அன்னைக்குப் பாத்து இந்தக் குழாயை வச்சாங்க. மயக்கம் தெளிஞ்சு கேக்கறேன், பரீட்சை எப்படி எழுதினேன்னு. நீ ‘நல்லா எழுதினேன்’னு சொல்றே. நானும் ஒரு வாரம் அதை நம்பி எதிர்ல படுத்திருந்தவன்கிட்டல்லாம் பெருமை அடிச்சேன்.

— அந்த ஆளு, நான் பரீட்சை நல்லா எழுதிட்டேங்கற சந்தோஷத்துல எனக்கு ஒரு பேனா வேற குடுத்தாரு. எனக்கு எங்க போய் முகத்தை வச்சுக்கறதுன்னு தெரியல.

— இன்னைக்கு அந்தப் பேனாலயே எழுது. இது ஒண்ணு பாஸ் பண்ணிட்டா கணக்கு சீட்டுல உக்கார வைக்கறேன்னு சூப்பர்வைசரம்மா சொல்லியிருக்கு இல்ல?

— சொல்லியிருக்காங்க. ஆனா எனக்கு வருமான்னுதான்...

— வரும். பட்டன் தைக்கற கண்ணு கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும். வீட்டுல ஒருத்தன் கண்ணு போனது போதும். தண்ணி இறங்கிடுச்சா?

— கடைசிச் சொட்டு. இருங்க, கிளிப்பைப் போடறேன். தராசுல தொங்க விடறேன். எடை சரியா இருக்கு. உள்ள விட்டதுக்கு மேலயே வந்திருக்கு.

— அது போதும். தண்ணி உள்ள தங்கல.

— இப்ப ரயில் கதைத் தாள் சொருகின அட்டையை எடுக்கறேன். நீங்க கால் அசைக்காம இருங்க, குழாய் இழுக்கும்.

— அம்மாடி, இன்னைக்கு அந்த அட்டையில...

— குறுக்க பேசாதீங்கப்பா, வெளிச்சம் போயிட்டிருக்கு. பையை அட்டை மேல படுக்க வச்சாச்சு. படிக்கறேன். ‘ரயில் கிளம்பிய பிறகுதான் அவர் கவனித்தார், கையில் இருந்தது தன்னுடைய பெட்டி அல்ல. நிறம் அதே. பூட்டு அதே. கைப்பிடியில் சுற்றியிருந்த துணியும் அதே. எடை மட்டும் வேறு. எதிரே உட்கார்ந்திருந்த பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பெட்டியை மடியில் வைத்தார். தன் சாவியைப் போட்டார். சாவி திரும்பியது. மூடியைத் தூக்கினார். உள்ளே’. அவ்வளவுதான், கிழிசல்.

— ...

— அப்பா?

— ம்.

— என்ன, சத்தத்தையே காணோம்? ‘எடை மட்டும் வேறு’ன்னு வந்ததும் குதிப்பீங்களே, ஏத்தும்போதே எடை தெரியலையா, இவனெல்லாம் எப்படிப் பிரயாணம் பண்றான்னு.

— கேட்டுகிட்டு இருந்தேன்.

— அட்டையில என்னமோன்னு ஆரம்பிச்சீங்களே?

— மறந்துபோச்சு. வயசாயிடுச்சு இல்ல. எழுத்து தெரிஞ்சுதா?

— தெரிஞ்சாத்தானே படிச்சேன்?

— அதானே. ரைட். புதுசை விடு உள்ள. விட்டுட்டுக் கிளம்பு.

— விட்டாச்சு. ஏறுது. பிடிப்பு இன்னும் இருக்கா?

— எந்தப் பிடிப்பு?

— வாயுன்னு சொன்னீங்களே.

— அதுவா? பழைய தண்ணியோடயே போயிடுச்சு.

— நிஜமா?

— வயிறு என்னோடது. எனக்குத் தெரியாதா?

— கை சூடா இருக்கேப்பா.

— கரண்ட் இல்லாம, ஃபேன் இல்லாம, வாயையும் கட்டி உக்கார வச்சா கை ஐஸ் மாதிரியா இருக்கும்? உன் கையும்தான் சூடா இருக்கு.

— கதவைத் திறந்துட்டு, பையை வெளிச்சத்துல இன்னொரு தடவை பாத்துடட்டுமா?

— பாத்தாச்சு, படிச்சாச்சு. சந்தேகத்துக்கும் ஒரு ஸ்டாப்பிங் வேணும்மா. எல்லா இடத்துலயும் நிறுத்தினா வண்டி எப்ப போய்ச் சேரும்?

— இப்பத்தான் சந்தேகப்படறவ கை சுத்தமா இருக்கும்னு சொன்னீங்க.

— கைக்குச் சொன்னேன். காலுக்கு வேற சட்டம். கால் கிளம்பணும். ஏறி முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. புது மூடி போடறேன். வாயை மூடுங்க.

— ...

— ஆச்சு.

— அந்தப் பழைய பையை அப்படியே கக்கூஸ்ல கொட்டிட்டுப் போயிடு.

— வந்து கொட்டிக்கறேன்ப்பா. வாளிக்குள்ள வச்சுட்டேன்.

— இப்பவே கொட்டேன். அது கிடந்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.

— இத்தனை நாள் இல்லாம என்ன புதுசா? சட்டை மாத்தணும், தலை வாரணும். ஹால் டிக்கெட் இங்க. பேனா இங்க. இன்னொரு பேனா. ஸ்கேல். அந்த அட்டையும் வேணுமே, பெஞ்சு மேடு பள்ளமா இருக்குமாம்.

— அட்டையை எடுக்காதே.

— ஏன்?

— அது இங்க இருக்கட்டும். வீட்டு அட்டை, பையோட அட்டை. பரீட்சைக்கு வேற யார்கிட்டயாவது வாங்கிக்க.

— பரீட்சையில யாருப்பா அட்டை கடன் குடுப்பாங்க? சரி, விடுங்க, அட்டை இல்லாமலே எழுதறேன். உங்களுக்கு ஏன் முகம் இப்படி இருக்கு?

— எப்படி இருக்கு?

— பல்லைக் கடிச்சுகிட்டு இருக்கற மாதிரி.

— நீ இன்னும் கிளம்பலையேன்னு. போம்மா. ஒரு பஸ்ஸை விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாதவங்களுக்குத்தான் தைரியம் இருக்கும். எனக்குத் தெரியும், அதான் விரட்டறேன். போ. எழுதிட்டு நேரா வா. வந்ததும் நிறைய பேசலாம்.

— தண்ணி பக்கத்துல வைக்கல. இருந்தா குடிச்சுடுவீங்க. தாகம் எடுத்தா வாயைக் கொப்பளிங்க, முழுங்காதீங்க. போன் தலையணைக்கு வலது பக்கம். வரேன்ப்பா.

— ரைட்.

— அட, வாசல்ல யாரு? பேப்பர் மாமாவா? கதவைத் தட்டக் கூடாதா?

— தட்டத்தான் கையை ஓங்கினேன் பாப்பா, நீ திறந்துட்டே. பரீட்சைன்னு சொன்னாரு அண்ணன். நல்லா எழுது. என் கடையில கிடக்கற பழைய பேப்பரெல்லாம் சேத்து எடை போட்டாலும் உன் அறிவுக்கு ஈடாகாது.

— யோவ், நீ அப்புறம் வாய்யா. புள்ளைக்கு நேரமாச்சு.

— ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன் அண்ணே. சத்தியமா நான் தேடினேன். காலைல இருந்து கடையில ஒரு கட்டு விடாம பிரிச்சுட்டேன். அந்தப் புஸ்தகத்தோட மேலட்டை கூட கிடைக்கல. எவனோ ஏற்கெனவே பொட்டலம் மடிச்சு வித்துட்டான் போல.

— பரவால்ல. போயிட்டு வா. நாளைக்குப் பேசிக்கலாம்.

— என்ன தேடினீங்க மாமா?

— அதான் பாப்பா, அந்த ரயில் கதை. பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அண்ணனுக்குத் தூக்கம் வரல. நீ வேலைக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டு இதைக் குடுத்தாரு. எழுத்தை ஒத்துப் பாத்து மீதியைக் கண்டுபிடி, பரீட்சை முடிச்சுட்டு வந்ததும் புள்ளைக்குப் படிக்கக் குடுக்கணும்னாரு. இந்தா, உங்க தாளு. பத்திரமாத் திருப்பிக் குடுத்துட்டேன்.

— இது எப்போ குடுத்தது?

— அதான் சொன்னேனே, காலைல.

— காலைலயா?

— ஆமா. சத்தியமா மடிக்கக் கூட இல்ல, நீட்டாவே வச்சிருந்தேன். ஏன் பாப்பா அப்படிப் பாக்கறே? கிழிஞ்சது முன்னாடியே கிழிஞ்சதுதான்.

— அப்பா, அட்டையில என்ன இருக்கு?

— காலியா இருக்க வேண்டாமேன்னு கைக்குக் கிடைச்ச ஒரு காகிதத்தைச் சொருகினேன். நீ வந்ததும் சொல்லலாம்னு...

— இது பெட்டியோட வந்த மருந்துக் கம்பெனி நோட்டீஸு. தலைகீழா இருக்கு.

— எனக்கு மேலு கீழு எங்கம்மா தெரியுது?

— உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மாமா, அந்த வாளியில இருக்கற பையைத் தூக்குங்க. வாசலுக்கு வாங்க. வெளிச்சத்துல பிடிங்க, இந்தத் தாளுக்கு முன்னாடி. உங்களுக்கு எழுத்து தெரியுதா?

— நான் கண்ணாடி கொண்டு வரலையே பாப்பா.

— கண்ணாடி வேண்டாம். எழுத்து இருக்கான்னு மட்டும் பாருங்க.

— இதுல எங்க எழுத்து இருக்கு? சோப்பு கரைச்ச தண்ணி மாதிரி இல்ல இருக்கு? இது இப்படித்தான் இருக்கணுமா?

— இல்ல. உங்க மூணு சக்கர வண்டி வெளியில நிக்குதா?

— நிக்குது. பாரம் ஒண்ணும் இல்ல.

— அப்பாவை ஏத்திக்கலாமா? ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

— என்ன கேள்வி இது? கட்டுக் கட்டா பேப்பர் மிதிக்கறவனுக்கு அண்ணன் ஒரு பாரமா? ஒரு கோணியை மட்டும் விரிச்சுட்டு வந்துடறேன். படி பாத்து இறக்கணும். ரெண்டு பேருமா பிடிக்கலாம்.

— அம்மாடி, நான் சொல்றதைக் கேளு. இவன் என்னைக் கொண்டுபோய்ச் சேத்துடுவான். பையையும் குடுத்து விடு. நீ பரீட்சைக்குப் போ.

— அங்க போனதும் கேப்பாங்க. எப்போல இருந்து கலங்கல், எப்போல இருந்து வலின்னு. மாமாவுக்கு என்ன தெரியும்? நீங்க வாயுன்னு சொல்லிட்டு வந்துடுவீங்க. கையை இப்படிப் போடுங்க. சட்டை.

— மூணு மணி நேரம்தானேம்மா. நீ எழுதிட்டு வந்ததும் சொல்லியிருப்பேன். அன்னைக்கே வான்னுதானே நர்ஸ் சொல்லிச்சு. இன்னைக்குன்னா இன்னைக்குள்ள எப்பப் போனாலும் இன்னைக்குத்தானே?

— காலைல போட்ட பையையும் நான் இப்படி மனப்பாடமாத்தானே படிச்சேன்? நேத்து ராத்திரி போட்டதையும்?

— காலைல நீ படிச்சப்ப தாள் இருந்துச்சும்மா.

— தாள் இருந்துச்சு. நான் பாத்தேனா? மூணாவது வரியில துணி காயப் போட்டேனான்னு யோசிச்சுகிட்டு இருந்தேன். அது ஞாபகம் இருக்கு. எழுத்தைப் பாத்த ஞாபகம் இல்ல. கதவு, ஜன்னல், ஃபேன்னு எல்லாத்தையும் நாலு நாலு தடவை கேட்டேன். இதை ஒரு நாளும் கேக்கல. இன்னொரு கை.

— நல்லாத்தான் படிச்சே. ஒரு எழுத்து கூட விடல.

— அப்படிச் சொல்லாதீங்கப்பா.

— அண்ணே, கோணி விரிச்சாச்சு. வலது காலை முதல்ல வைங்க. பாப்பா, நீ இந்தப் பக்கம் தோளைக் குடு. அவ்வளவுதான். இன்னும் ஒரு படி.

— யோவ், மெதுவா. முன்னாடி ஏறினவன் எல்லாம் உள்ள தள்ளிப் போ, உள்ள தள்ளிப் போ.

— சிரிக்க வைக்காதீங்கண்ணே, பிடி நழுவிடும். பாப்பா, பை எங்க?

— என் மடியில. மாமா, பள்ளம் பாத்து மிதிங்க. அப்பா, வலி எவ்வளவு இருக்கு? இப்ப நிஜத்தைச் சொல்லுங்க.

— இருக்கு.

— நான் படிக்கும்போதும் இருந்துச்சா?

— இருந்துச்சு.

— நான் வேணும்னு பண்ணலப்பா. தெரியற மாதிரியேதான் இருந்துச்சு. கண்ணு முன்னாடி அந்த எழுத்து அப்படியே இருந்துச்சு.

— தெரியும்மா. உனக்குப் பொய் சொல்ல வராது. எனக்குத்தான் வரும்.

— உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?

— காத்து நல்லா வருது இல்ல? வண்டின்னா இப்படித்தான் இருக்கணும்.

— அப்பா. எப்போ?

— ‘ரயில் கிளம்பிய பிறகுதான்’னு நீ ஆரம்பிச்சே பாரு, அப்பவே.